டிஸ்பென்சரிப் பேச்சு

என் மாமியார் செல்வலட்சுமிக்கு எந்த நோயும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தாண்டியும் கேஸ் சிலிண்டரை ஒற்றை ஆளாகப் படியேற்றிவிடுகிற பொம்பளை. என்னோடு சண்டை என்று வந்துவிட்டால் காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை மூச்சு வாங்காமல் பேசுவார். நானும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலுக்குப் பதில் கொடுப்பேன்.

தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ரிட்டையர் ஆனவர். இப்போது மூணாறில் எங்களோடு வாடகை வீட்டில் இருக்கிறார். இருக்கிறார் என்ன, வீடே அவர் கையில்தான் ஓடுகிறது. நான் ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்கிற வேலைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவேன். என் வீட்டுக்காரர் மணிகண்டன் ஜீப்பில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு வட்டவடைப் பக்கம் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. எங்கள் மகள் தன்ஷிகாவைக் குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் மாமியார்தான். இடுப்பை விட்டு இறக்கவே மாட்டார்.

மாமியாரின் மகள் இந்து நியூசிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். தலைப்பிரசவம். போனில் என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

"மதினி, அப்பா அம்மாவக் கூப்பிட்டு வச்சுக்க இங்க புதுசா ஒரு விசா குடுக்காங்க. வருசக்கணக்கா தங்கலாம். மெடிக்கலும் இன்சூரன்சும் சரியா இருந்தாப் போதும். அம்மாவ அனுப்பி வைங்க மதினி. அம்மா இருந்தாத்தான் நான் திரும்ப டூட்டிக்குப் போக முடியும்."

வருஷக்கணக்கு என்று அவள் சொன்னதும் தன்ஷிகாவை யார் பார்ப்பது என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுக்கு அம்மா வந்தால்தான் டூட்டி என்றால் எனக்கும் அதே கதைதானே? அப்போதுதான் என்னை சூப்பர்வைசர் ஆக்கப்போவதாக ரிசார்ட்டில் சொல்லியிருந்தார்கள். ஆனால் வாயைத் திறந்து என்ன சொல்ல முடியும்? தலைப்பிரசவத்தைப் பெற்ற தாய்தான் பார்க்க வேண்டும். தன்ஷிகா பிறந்தபோது போடியில் எங்கள் அம்மாதான் எனக்குப் பார்த்தார். மாமியார் அன்றைக்கு ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "எம்மக பிள்ளைய நான் குளிப்பாட்டுவேன்ல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "சந்தோஷம் இந்து, அனுப்பிருவோம்" என்றேன்.

மாமியாருக்குக் கால் தரையில் படவில்லை. ஸ்வெட்டர் வாங்கினார். பிள்ளைக்குத் தேய்க்க எண்ணெய் காய்ச்சினார். எஸ்டேட்டுக்குப் போய், முன்பு குடியிருந்த லயத்து வரிசையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மெடிக்கலுக்குக் கொச்சிக்குப் போகவேண்டியிருந்தது. மணிகண்டனுக்கு சவாரி இருந்ததால் நான்தான் கூடப் போனேன். எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் எடுத்தபிறகு ஒரு இளம் பெண் டாக்டர் எங்களை உட்காரவைத்து, "அம்மச்சிக்கு எந்தெங்கிலும் அசுகம் உண்டோ?" என்று கேட்டார்.

நோய் ஏதும் உண்டா என்று கேட்டதுதான் தாமதம், என் மாமியாரின் முகம் சுருங்கியது. கை நெஞ்சுக்குப் போனது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நெஞ்சு அடைக்குது டாக்டரம்மா. ரெண்டு எட்டு நடந்தா மூச்சு வாங்குது. தல கிறுகிறுன்னு வருது. போன மாசம் மயங்கி விழுந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. போன மாதம் அவர் விழுந்தது மழைப் பாசியில் வழுக்கி. கையிலிருந்த மீன்சட்டி உடையவில்லை என்று எழுந்து நின்று பெருமைப்பட்டுக்கொண்டவர்.

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இது புரியும். டிஸ்பென்சரியில் போய் கை வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் கம்பவுண்டர் மாத்திரையைக் கொடுத்துத் தேயிலைக் காட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார். நெஞ்சு, மயக்கம், மூச்சு என்று அடுக்கினால்தான் சிக் லீவுச் சீட்டு கிடைக்கும். டாக்டரைப் பார்த்தால் இருக்கிறதையும் இல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். டிஸ்பென்சரிப் பேச்சு என்று நாங்களே கிண்டல் செய்வோம்.

டாக்டருக்கு எஸ்டேட் தமிழ் பிடிபடவில்லை. "சேச்சி ஒன்னு பறயாமோ?" என்று என்னைச் சொல்லச் சொல்லி என் பக்கம் திரும்பினார்.

அத்தே, இது டிஸ்பென்சரி இல்ல, ஒழுங்கா சொல்லுங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. தன்ஷிகா ஞாபகம் வந்தது, சூப்பர்வைசர் வேலை ஞாபகம் வந்தது. மாமியார் சொன்னதை அப்படியே மலையாளத்தில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. டாக்டர் முகம் இறுக எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்தார்.

வெளியே வந்ததும் மாமியார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேல்ல? எத்தன வருசம் எழுதுவாக?"

நோய் கூடக்கூட லீவு கூடுவதுபோல் விசாவும் கூடும் என்று நினைத்திருக்கிறார்! "எழுதுவாங்க அத்தே, வாங்க, டீ குடிக்கலாம்" என்றேன். சீ, நானும் ஒரு மனுஷியா?

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இருதய டாக்டரிடம் காட்டி ரிப்போர்ட் வாங்கி அனுப்பச் சொல்லி விசா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் யோசித்துச் சொல்வதாக இழுத்தார்கள். இந்து என்னைக் கூப்பிட்டாள். அவளும் லயத்தில் வளர்ந்தவள் ஆயிற்றே.

"மதினி, உண்மையச் சொல்லுங்க. அம்மாவுக்கு நெசமாவே மயக்கம் வருதா, இல்ல டிஸ்பென்சரிப் பேச்சா? சும்மா சொல்லியிருந்தா நான் விடமாட்டேன், எத்தன டெஸ்ட்டுனாலும் எடுத்துருவோம்."

கடவுள் எனக்கு இன்னொரு தடவை வாசலைத் திறந்துவிட்டார். நான் நுழையவில்லை.

"அவங்க சொன்னதத்தான் நான் சொன்னேன் இந்து. உள்ளுக்குள்ள என்ன இருக்கோ, யாரு கண்டா?"

"அப்ப வேணாம் மதினி. இவ்வளவு தூரம் பிளேன்ல வந்து ஏதாச்சும் ஆயிட்டா? ஜின்சனோட அம்மாவ வரச் சொல்லிடுறோம்" என்றாள். ஜின்சன் அவள் வீட்டுக்காரர். அழுகிறாள் என்று தெரிந்தது.

பிள்ளை பிறந்தது. பத்தாவது நாளோ என்னவோ, ஜின்சனின் அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டுவதை இந்து வீடியோவில் காட்டினாள். மாமியார் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கழுத்தத் தாங்கிப் பிடிங்க, தண்ணி காதுல போயிரப்போவுது" என்று கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் இரைச்சலில் அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் இந்து, "மதினி உங்கூட வந்ததால உன் சீக்கு தெரிஞ்சுதும்மா. மதினிதான் உன்னக் காப்பாத்துனது" என்றாள். மாமியார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

எல்லாம் போகட்டும், இதோடு முடிந்திருந்தால்கூட நான் எப்படியோ தேறியிருப்பேன். ஆனால் விசா ஆபீஸிலிருந்து அந்தக் கடிதம் வந்த பிறகு மாமியார் மாறிவிட்டார். அவ்வளவு பெரிய நாட்டிலிருந்தே இருதய டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதிவிட்டார்கள் என்றால் தன் இருதயத்தில் என்னவோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். டிஸ்பென்சரிக்காக வைத்திருந்த கை இப்போது நாள் முழுக்க நெஞ்சில் இருக்கிறது. படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். சண்டைக்கும் வருவதில்லை. சண்டை போடுங்க அத்தே என்று கெஞ்ச வேண்டும்போல் இருக்கிறது. மூணாறில் டாக்டரிடம் காட்டினேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். "இவருக்கு என்ன தெரியும்" என்று மாமியார் சொல்லிவிட்டார்.

சூப்பர்வைசர் வேலையையும் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

நேற்று சாயங்காலம் தன்ஷிகா ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அப்பத்தா, தூக்கு" என்றாள். மாமியார் பின்னால் நகர்ந்தார்.

"வேணாம்டா கண்ணு. அப்பத்தா உன்னக் கீழ போட்டுருவேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். "அத்தே, உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க சும்மா சொல்றீங்கன்னு எனக்கு அங்கேயே தெரியும். தெரிஞ்சேதான் டாக்டர்கிட்ட சொன்னேன். நீங்க எங்கள விட்டுப் போயிடக்கூடாதுன்னுதான் சொன்னேன். இந்து கேட்டப்பவும் மறைச்சிட்டேன்."

திட்டுவார், அடிப்பார், எதுவானாலும் சரி என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"எனக்காகப் பழியத் தூக்கி உம்மேல போட்டுக்காத தாயி," என்றார். "நான் இன்னும் எத்தன நாளு இருப்பேன்னு டாக்டரு உங்கிட்ட சொல்லிட்டாரு, அப்படித்தான?"