அம்மாவாசையின் வலது தோள்

"வலிக்குதாண்ணா?" என்று பூவிழி கேட்கும்போதெல்லாம் அம்மாவாசை, "இல்லம்மா" என்றார்.

பெரிய மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிறவர். மழையில் லாரிப் பலகையில் வழுக்கி விழுந்ததில் வலது தோளின் தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தைத்து, பிசியோதெரபிக்கு அனுப்பியிருந்தார்கள். தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன கிளினிக்கில் பூவிழி பிசியோதெரபிஸ்ட். அவள் அப்பாவும் சுமை தூக்கித்தான் அவளைப் படிக்கவைத்தார். அதனாலேயே இவர்மேல் கூடுதல் அக்கறை.

மூட்டை இறக்கும் செட்டில் அவருடைய இடத்தைப் பொங்கல் வரை விட்டுவைப்பதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். அதற்குள் தோள் மூட்டையைத் தாங்கவேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

"எங்க மேஸ்திரி அவன் பொண்டாட்டி பொறந்தூட்டுக்குப் போனாக்கூட இவ்ளோ நாள் காத்துக் கெடக்கமாட்டான். எனக்குக் கெடக்கறான் பாரு" என்பார் அம்மாவாசை. பூவிழி சிரித்தபடி கையை மெல்ல உயர்த்துவாள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

பக்கத்துக் கட்டிலில் பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் கிளோத், முழங்காலில் விரல் படுமுன்பே முனகத் தொடங்கிவிடுவார். உழைத்த உடம்பு உழைத்த உடம்புதான் என்று அவளுக்குப் பெருமை.

"தைச்சது ஆற அதுக்குண்டான நாளாவும். அவசரப்படாத" என்றார் கிளினிக் நடத்தும் பிரேம்குமார்.

"எங்காளுங்க ஒடம்பு வேற சார்."

எடை தூக்கும் பயிற்சியை ஆரம்பிக்க இன்னும் காலம் இருந்தது. அவள் ஆரம்பித்துவிட்டாள். முதலில் சின்ன டம்பெல். அப்புறம் கொஞ்சம் பெரியது. மார்கழியில் ஒரு காலை, அதைத் தோள் உயரத்துக்குக் கொண்டுபோன கை அப்படியே சரிந்தது. டம்பெல் தரையில் உருண்டது. அப்போதும் அம்மாவாசையின் முகம் மாறவில்லை. நெற்றியில் வேர்வை மட்டும் பூத்திருந்தது.

ஸ்கேனில் தையல் விட்டுப்போயிருந்தது. மறுபடி தைத்தாலும் நிற்காது, மிச்சமிருப்பது நைந்த துணி மாதிரி இருக்கிறது என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர்.

அதைச் சொல்லிவிட்டுப் போக அம்மாவாசையோடு அவர் மனைவி துர்காவும் கிளினிக்குக்கு வந்தாள்.

"அப்ப அவ்ளோ ஊசி போட்டது?" என்றாள்.

"என்ன ஊசி?"

"இங்க வர்றப்பல்லாம் வலிக்கு ஊசி போட்டுக்கினுதான வந்துச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

பூவிழி அம்மாவாசையைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"செட்டுல புது ஆளு சேக்கறப்ப தலையில ஒரு மூட்டைய ஏத்தி, மேஸ்திரி அவன் மூஞ்சியப் பாப்பான். சுளிச்சா ஊட்டுக்குப் போன்னுடுவான். நீயும் தெனம் அதயேதான் கேட்ட. வலிக்குதுன்னா தேறலன்னு எழுதிடுவன்னு நெனச்சேன்."

எந்தப் பயிற்சியை எப்படிச் செய்யவேண்டும் என்று அவருக்கு எல்லாம் சொல்லியிருந்தாள் பூவிழி. தன் வேலை என்னவென்று சொல்லவில்லை. வலி தொடங்குகிற இடத்தை வைத்துத்தான் அடுத்த நாளின் அளவைத் தீர்மானிக்கிறாள். அதை மறைத்தால் அவள் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. நோயாளி வலியை மறைப்பார் என்பது கல்லூரியில் முதல் வருஷமே படித்தது. வீட்டில் அதற்கும் முன்பே பார்த்தது. அப்பா ராத்திரியில் சுவர் பக்கம் திரும்பி உப்பு ஒத்தடம் வைத்துக்கொள்வார். வலிக்கிறதா என்று கேட்டால், தூங்கு என்பார். வேறு யார் ஏமாந்திருந்தாலும் அவள் ஏமாந்திருக்கக்கூடாது.

"இருக்கற தசைங்கள பலப்படுத்தலாம்ணா. நீங்களே சட்ட போட்டுக்கலாம். சோறு பெசஞ்சு சாப்புடலாம். தலைவாரலாம்."

"தலைவாரவா நான் இங்க வந்தேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

"மூட்டை?" என்றாள் துர்கா.

"முடியாதுக்கா."

"எம்மேலதான் தப்பு. ஒன்ன யாராச்சும் கேட்டா அப்டியே சொல்லு" என்று எழுந்தார் அம்மாவாசை.

"இல்லண்ணா. வலிச்சா சொல்லணும்னு நான் ஒங்களுக்குச் சொல்லியிருக்கணும். ஆற வேண்டிய நாளையும் கணக்குப் பாத்திருக்கணும்."

துர்கா அவர் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேட்டாள். திங்கட்கிழமை காலை என்றாள் பூவிழி.

திங்கட்கிழமை காலை முழுக்க அம்மாவாசையின் கட்டிலில் வேறு யாரையும் படுக்கவைக்காமல் காத்திருந்தாள்.