அக்காவுக்கு ஒரு நன்றியுரை

அக்காவும் தங்கையும் ஒரே கல்லூரியில், ஒரே ஆங்கிலத் துறையில் வேலை பார்த்தார்கள். அக்கா துறைத்தலைவி, தங்கை அவளுக்குக் கீழே விரிவுரையாளர். குடியிருந்ததும் ஒரே வீடுதான். ஆனால் கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு மேஜையில் தங்கையின் பேச்சு, "உப்பை இப்படித் தள்ளு" என்பதைத் தாண்டவில்லை. ஏன் என்று அக்காவுக்குத் தெரியாது. கேட்கிற ஆளும் இல்லை அவள்.

விஷயம் பழையது. கல்லூரி லிஃப்ட் பாதியில் நின்றுபோனபோது தங்கையை வெளியே மீட்ட மெக்கானிக், பிறகு அது ஒழுங்காக ஓடிய நாட்களிலும் வந்து பார்த்துவிட்டுப் போனான். கல்யாணம் வரைக்கும் பேசினார்கள். திடீரென்று ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டான். அவனுடைய முதலாளியைத் தங்கை போன மாதம் தற்செயலாகப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அக்கா அவர்களுடைய பட்டறைக்கே நேரில் போய், "என் தங்கச்சிக்கு வேற இடத்துல நிச்சயமாயிடுச்சு. இனிமே அந்தப் பக்கம் வந்தா போலீஸ்ல சொல்லுவேன்" என்று மிரட்டியிருக்கிறாள்.

தங்கை வீட்டில் மூச்சு விடவில்லை. துறையின் ஆண்டுவிழாவில் அக்கா பேசப் போகிறாள் என்றதும், நன்றியுரையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பழைய ஆங்கில நாவல்களில் குணமும் அறமும் என்பது தலைப்பு. அக்கா பேச எழுந்தால் அரங்கமே சொக்கிப்போகும். "அந்த நாவல்களில் பிறப்பும் சொத்தும் ஒருவரை உயர்த்துவதில்லை. தன் அகந்தையைத் தானே பார்த்து வெட்கப்படுகிறவர்தான் அங்கே உயர்ந்தவர்" என்று முடித்தாள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

தங்கை ஒலிவாங்கிக்கு வந்தாள்.

"எல்லாருக்கும் நன்றி. அக்காவுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். நான் கட்டிக்கறதா இருந்தவரு லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. அவரோட பட்டறைக்கே போய்ப் பொய் சொல்லி, போலீஸ்னு மிரட்டித் துரத்திவிட்டது இவங்கதான். பிறப்பு பெருசில்லைன்னு இவ்வளவு அழகா சொல்லிக்கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி."

முன்வரிசையில் யாரோ பாதியில் இருமலை அடக்கினார்கள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் எழுந்து, முதல்வருக்குக் கைகுவித்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு வெளியே போனாள்.

ஆசிரியர் அறைக்குள் தங்கை நுழைந்ததும் அக்கா கதவைச் சாத்தினாள்.

"மானத்தை வாங்கிட்ட இல்ல? குளிர்ந்துதா?"

"குளிர்ந்துது."

"ஒரே ஒரு தடவைதான் மிரட்டினேன். அதுக்கே மூட்டையைக் கட்டிட்டான். உங்கிட்ட நிஜமான்னு ஒரு வார்த்தை கேட்டானா? அவனையா நீ தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடற?"

தங்கைக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வியை அவளே பல ராத்திரி தன்னிடம் கேட்டிருந்தாள்.

"அவரு கோழையாவே இருக்கட்டும். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவ நான். நீ யாரு?"

"உன்னை வளர்த்தவ."

"வளர்த்த. அதுக்காக என்னை விழுங்கணுமா?"

"நன்றி கெட்டவளே, இனி என் வீட்டுப் படியை மிதிக்காத!"

"துணிமணி எடுக்க ஒரு தடவை மிதிப்பேன். பொறுத்துக்கோ."

சாயங்காலம் தங்கை பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கியபோது, அக்கா கூடத்துப் புத்தக அலமாரியை மறித்துக்கொண்டு, கையைக் கட்டி நின்றாள், ஏதோ கொள்ளைக்காரி வருவதைப் போல. தங்கைக்குப் புத்தக நினைப்பே இல்லை. அந்த நிற்பைப் பார்த்ததும் வீம்பு வந்துவிட்டது. அக்காவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கைக்கு அகப்பட்ட நாலு நாவல்களை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"வை அதை! அது என்னோடது!"

"போலீஸ்ல சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தங்கை வாசலைத் தாண்டினாள். பின்னால் கதவு அறைந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.