ஓவர்லேண்டர் நிறுத்திய வண்டி

மலைமாடுகள் ஏறி இறங்கும் பாதையோரத்தில், வீடு மாதிரி ஒரு வண்டியை நிறுத்திக்கொண்டு வெள்ளைக்காரன் நின்றால் எவன் நம்புவான்? எங்கள் தேவாரம் ஊரில் என் மாடுகளுக்கு இருப்பது இந்த ஒரே பாதை. இது போனால் மேய்ச்சல் இல்லை. அப்புறம் மாட்டை விற்க வேண்டியதுதான்.

"கர்ணா, அவன்மேல ஒரு கண்ணு வையி. எடம் பாக்க வந்தவன் மாதிரித் தெரியுது" என்றார் பக்கத்துத் தென்னந்தோப்பு வைகுண்டராஜ். நல்ல மனுஷன், டீ வேறு வாங்கித் தந்தார்.

மச்சானை மாடு மேய்க்க அனுப்பிவிட்டு, இரண்டு நாளாக அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தரையைக் காலால் அளந்தான். செல்போனை மலைப் பக்கம் நீட்டினான். அளக்கிறவன் சும்மா அளப்பானா?

கம்பத்து ஏலக்காய் வியாபாரி நௌஷாத்துக்கு இங்கிலீஷ் வரும். கூட்டிவந்து விசாரிக்கச் சொன்னேன்.

"தரைய அளந்தது வண்டி மட்டமா நிக்கவாம், போன நீட்டுனது சிக்னலுக்காம். ஓவர்லேண்டராம்ணே. கண்டம் விட்டுக் கண்டம் தரைவழியா வண்டியில போறவுகளுக்கு அந்தப் பேராம்."

"யாரு வச்ச பேரு?"

கேட்டுச் சொன்னான். "இவுக ஊரு ஆஸ்திரேலியா. அங்கன அந்தக் காலத்துல மாசக்கணக்கா மாடு பத்திக்கிட்டு நாட்டையே கடந்து போனவுகளத்தான் அப்படிச் சொன்னாகளாம். இவுக தாத்தாவும் மாடு பத்துனவுகதான். வண்டிக்காரவுக பெறகு அந்தப் பேர எடுத்துக்கிட்டாக."

மாட்டுக்காரனிடம் மாட்டுக் கதை! ஆள் பார்த்துப் பேசுகிற காரியக்காரன் என்று முடிவுகட்டிவிட்டேன்.

சாயங்காலம் மாடுகள் இறங்கின. மலைமாடு புது ஆளைக் கண்டால் மிரண்டு சிதறும். இவன் குட்டு உடையட்டும் என்று வாய் திறக்காமல் நின்றேன். அவன் வண்டியைக் கிளப்பவில்லை, போட்டோ எடுக்கவில்லை. பாதையோரம் தரையில் குந்தித் தலையைக் குனிந்துகொண்டான். நாங்களும் அப்படித்தான் செய்வோம். மாடுகள் அவனை உரசிக்கொண்டு போயின. எனக்கு வெட்கமாகிவிட்டது.

எழுந்தவன் தோப்புப் பக்கம் கைகாட்டி ஏதோ கேட்டான்.

"அங்கன வேலி வந்தா மாடு எந்த வழியாப் போகும்னு கேக்குறாக" என்றான் நௌஷாத். "இவுக தாத்தா பாதையும் வேலி போட்டுத்தான் அழிஞ்சு போச்சாம். இப்பப் பேரு மட்டும் இருக்குதாம்."

திரும்பிப் பார்த்தேன். தோப்பு முடிகிற இடத்தில் கல்லுக்காலும் முள்கம்பியும் புதிதாக இறங்கியிருந்தன. மாடுகள் கடந்துவிட்ட பாதைக்குக் குறுக்கே ஆட்கள் வேலிக்கு அளவுக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று ஏவிக்கொண்டிருந்த வைகுண்டராஜ் என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

"என்ன கர்ணா, அவன்மேல கண்ணு வச்சிருக்கேல்ல?"