மூன்றாவது தூணின் ஆமை

எங்கள் ஊர்ப் பாலம் ஏழு ஆமைகளின் முதுகில் நிற்கிறது. ஆற்றின் அடியில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் பாலாமைகள், தூணுக்கு ஒன்று. மூச்செடுக்க ஒவ்வொன்றாக மேலே வரும். அப்போது அந்தத் தூண் ஒரு சாண் இறங்கிவிடும் என்பதால் பாலத்தில் யாரும் போகக் கூடாது. விசில் ஊதிக் கேட்டைச் சாத்துவது என் வேலை. பதினாறு வருடமாகச் செய்கிறேன். ஆமைகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மனிதர்கள்தான் ஹாரன் அடித்தே உயிரை எடுப்பார்கள்.

போன மாசியில் மூன்றாவது தூணின் ஆமை மேலே வந்தது, திரும்பிப் போகவில்லை. மணல்திட்டில் ஏறிக் கழுத்தை நீட்டி வெயில் காய்ந்தது. கிட்டே போய் இரண்டு தடவை நயமாகச் சொல்லிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டது.

கேட்டுக்கு முன்னால் முதலில் நின்றது ஓர் ஆட்டோ. உள்ளே மாவு மில் பழமலையும் அவர் மனைவி அஞ்சலாட்சியும். அவளுக்கு வலி எடுத்திருந்தது, பனிக்குடமும் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரி அக்கரையில்.

பழமலை இறங்கி வந்து, கேட்டைத் திறக்க முடியுமா என்று கேட்டார். தூணுக்கு அடியில் யாரும் இல்லாமல் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். ஆமைதான் இருக்க வேண்டுமா என்றார். யோசித்துப் பார்த்தால் விதியில் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் தூண் மட்டத்துக்கு வந்தது. ஆட்டோவை விட்டேன்.

பெண் குழந்தை. இருவரும் நலம் என்று திரும்பி வந்த ஆட்டோக்காரர் சொன்னார். ஆமையைப் போலவே முக்கால் மணிக்கு ஒரு தடவை மூச்செடுக்க வந்தார் பழமலை; அப்போது சொன்னேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலத்துக்குள் ஆமை திரும்பிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். எத்தனை நாளைக்கு என்று பழமலையோடு முதலிலேயே பேசிக்கொள்ளாதது என் தப்பு. இப்போதும் அது மனசை அறுக்கிறது. ஆமை மறுநாள் காலை டவுன் பஸ் ஏறிப் போய்விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மூன்றாவது தூண் முன்னைவிட உறுதியாக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள்.

ஐந்தாம் நாள் அஞ்சலாட்சி குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து கரையில் காத்திருந்தாள். விசில் ஊதிக் கேட்டைச் சாத்தினேன். பழமலை மேலே வந்தார். தலையெல்லாம் சேறு. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு குழந்தையை வாங்கினார்.

"வீட்டுக்கு எப்பங்க வருவீங்க?" என்றாள்.

அவர் பாலத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வண்டிகள். ஒரு பள்ளிக்கூட வேனிலிருந்து பிள்ளைகள் கையாட்டினார்கள்.

"இவ்வளவு பேரு நிக்கிறாங்க பாரு" என்றார்.

அஞ்சலாட்சி அழுதாள். பழமலை மூச்சை இழுத்தார். கையிலிருந்த குழந்தையும் கூடவே இழுத்து வாயை மூடிக்கொண்டது. அதை அவளிடம் கொடுத்துவிட்டு அவர் இறங்கினார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பொறந்ததுலேருந்தே இவளும் முக்கால் மணிக்கு ஒரு தடவைதாண்ணே" என்றாள்.

அடுத்த மூச்சுக்குள் குளிப்பாட்டிவிட வேண்டும் என்று சொல்லி ஆட்டோவில் ஏறினாள். நான் கேட்டைத் திறந்தேன்.