வீட்டுக்குள்ளே ஒரு டியூட்டி

அந்தத் தெருவில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மளிகைக் கடைக்காரருக்கு அவள் சிஸ்டர், பால் போடுகிறவருக்கு சிஸ்டர், மாடி வீட்டுக்காரிக்கும் சிஸ்டர்தான். கட்டின புருஷனே சண்டை வந்தால் "சரிங்க சிஸ்டர், உத்தரவு சிஸ்டர்" என்று கும்பிடு போடுவார். ஊர் வாயை மாற்ற முடியுமா? நாமும் அவளை சிஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

அவள் வேலை பார்த்தது, இனிமேல் குணமாகாது என்று ஆனவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் வார்டில். அங்கே சாகக் கிடப்பவரைவிட, கூட வந்திருப்பவர்களைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு. அதிலும் குழந்தைகள் இருந்துவிட்டால் பெரியவர்களுக்குக் கை கால் ஓடாது. "அப்பா தூங்குறாரு", "அப்பா வெளியூர் போறாரு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைப்பார்கள். அப்போதெல்லாம் சிஸ்டரைத்தான் கூப்பிடுவார்கள்.

"தூங்குறாருன்னு சொல்லாதீங்க. நாளைக்கு உங்க பிள்ளை கண்ணை மூடவே பயப்படும்" என்பாள். அஞ்சு வயசுக்கு எப்படிச் சொல்ல வேண்டும், எட்டு வயசு என்ன கேட்கும், பதிமூணு வயசிடம் எதை மறைத்தால் வம்பு, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. குரல் உயராது, இறங்காது. செத்துப் போவது என்றால் செத்துப் போவது என்றே சொல்வாள். சொல்லி முடித்து, "கேள்வி ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக் காத்திருப்பாள். புதிதாக வரும் நர்ஸ்களை அவளுக்குப் பின்னால் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அவ்வளவு கெட்டிக்காரி.

அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒருநாள் அவள் வீட்டுக்குள்ளேயே தேவைப்படும் என்று யார் கண்டது?

அவள் மகள் கடுகு. பிறந்தபோது அத்தனை சிறிசு என்பதால் வார்டுக்காரர்கள் வைத்த பேர் அது. காரத்திலும் கடுகுதான். எட்டு வயசுக்கு எண்பது வயசுப் பேச்சு. ரத்தத்தில் வந்த நோய் ஒரு தடவை போவது போலப் போய், மறுபடி வந்து எலும்புக்குள் உட்கார்ந்துகொண்டது. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க சிஸ்டர். உங்களுக்கு நான் என்ன சொல்லித்தரப் போறேன்" என்றார். மனுஷன் நல்ல மனசோடுதான் சொன்னார். சிஸ்டர் "சரிங்க சார்" என்றாள். புருஷன் காரிடார் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். பிறகு மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் போய் வரிசையில் நின்றாள்.

பெத்த மனம் பித்து என்பார்கள். இந்தப் பெத்த மனத்துக்குப் பித்துப் பிடிக்கவே இல்லை. மரத்துப் போனது, அவ்வளவுதான். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் வேலை மட்டும் நடந்தது. முன்னறை வார்டு ஆயிற்று. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். முதுகுக்கும் குதிகாலுக்கும் தலையணை வைத்தாள். மார்ஃபின் சிரப், ஊசியில்லாத சிரிஞ்சு, வாய் துடைக்கப் பஞ்சு, கிளவுஸ் டப்பா எல்லாம் மேஜையில் வரிசையாக ஏறின. நேரம் தவறாமல் மருந்து. படுக்கைப் புண் வராமல் இருக்கத் திருப்பிப் படுக்கவைப்பது. மலச்சிக்கலுக்குத் தனி மருந்து, ஏனென்றால் மார்ஃபின் வலியையும் கட்டும், வயிற்றையும் கட்டும். கடுகுக்கு வலி கட்டுக்குள்தான் இருந்தது. அதற்காகத்தான் அவள் அத்தனை பாடும் பட்டாள்.

அப்பாக்காரர் எலக்ட்ரீஷியன். அவருக்கு வீட்டில் வேலையே இல்லாமல் போயிற்று. நன்றாக எரிகிற பல்பைக் கழற்றி வேறு பல்பு மாட்டினார். சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார்.

மாடி வீட்டுக்காரி பார்த்துவிட்டுப் போய், "நெஞ்சழுத்தக்காரிப்பா! கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்று தெருவெல்லாம் சொன்னாள். பேசுகிற வாய்க்கு என்ன, பேசும். தனக்கு வந்தால் தெரியும்.

கடுகிடம் சொல்ல வேண்டியதையும் சிஸ்டரே சொன்னாள். மறைப்பது தப்பு என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் பிள்ளையிடம் மறைப்பாளா? ஒரு காலை வேளையில் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்து, கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, எட்டு வயசுக்கு எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே சொன்னாள். உடம்பு ரொம்பக் களைத்துவிட்டது, மருந்து இனி நோயைப் போக்காது, ஒருநாள் மூச்சு நின்றுவிடும், அதற்குப் பேர்தான் செத்துப் போவது, இது யார் செய்த தப்பும் இல்லை. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"வலிக்குமா?" என்று கேட்டாள் கடுகு.

"வலிக்காம பாத்துக்குவோம்."

"ம்."

"பயமா இருக்கா?"

"இல்ல."

"வேற கேள்வி ஏதாவது இருக்கா?"

கடுகு அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இல்ல சிஸ்டர்" என்றாள்.

அப்பன் வாய் அப்படியே வந்திருக்கிறது, இந்த நிலைமையிலும் சேட்டை போகவில்லை என்று நினைத்துக்கொண்டு சிஸ்டர் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அன்றைக்குப் பிறகு கடுகு பேச்சைக் குறைத்துவிட்டாள். அசதி என்று சிஸ்டர் எடுத்துக்கொண்டாள். அது எதிர்பார்த்ததுதானே.

வாரம் ஒருமுறை வார்டிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது முறை. வந்தவள் ஹார்ன். சிஸ்டரைவிட மூத்தவள். அவள் வார்டின் இந்த மூலையில் இருமினால் அந்த மூலையில் படுத்திருப்பவர் எழுந்து உட்காருவார், அதனால் அந்தப் பேர். கடுகு பிறந்ததிலிருந்து அவளுக்கு ஹார்ன் பெரியம்மா.

"எங்கடி என் கடுகு? பெரியம்மா வந்திருக்கேன், ஒரு வாங்கன்னு சொல்ல ஆளில்ல!" என்று செருப்பைக் கழற்றும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள். நாடி பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்கு. குறை சொல்ல ஒரு சுருக்கம்கூடப் படுக்கை விரிப்பில் இல்லை. சிஸ்டர் சிரிஞ்சைக் கழுவ உள்ளே போனாள்.

திரும்பி வரும்போதுதான் கடுகு பேசுவது காதில் விழுந்தது. கதவோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

"பெரியம்மா, எங்கம்மாவுக்கு டியூட்டி எப்ப முடியும்?"

"டியூட்டியா? அவ லீவுலதானேடி இருக்கா. உன்கூடவேதானே கிடக்கா."

"அது சிஸ்டர்" என்றாள் கடுகு. புறம் பேசுகிற குரல் இல்லை. இது சுவர், இது ஜன்னல் என்பதுபோலச் சொன்னாள். "அவங்க நல்லவங்கதான் பெரியம்மா. மருந்தெல்லாம் கரெக்டா குடுக்கறாங்க. ஆனா அம்மா இன்னும் குளிச்சுட்டு வரல."

ஹார்னுக்குச் சட்டென்று புரியவில்லை. நமக்கும் சொன்னால்தான் புரியும். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்து வந்ததும் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டக் கூடாது. "தொடாத, தொடாத, தள்ளி நில்லு, கிருமி" என்று கையை உயர்த்திக்கொண்டு நேரே குளியலறைக்குத்தான் போக வேண்டும். யூனிஃபார்ம் வாளிக்குள் போய், தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலோடு பழைய நைட்டியில் வெளியே வந்தால்தான் அம்மா. அதுவரைக்கும் வெறும் சிஸ்டர். கடுகு கதவுக்கு வெளியே உட்கார்ந்து "முடிஞ்சதா? முடிஞ்சதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கதவு திறந்ததும் ஒரே பாய்ச்சல்.

"தினமும் குளிக்கறாளேடி அவ" என்றாள் ஹார்ன்.

"குளிக்கறாங்க. ஆனா குளிச்சுட்டும் கிளவுஸ் போட்டுக்கிட்டுத்தான் வர்றாங்க. வந்து நாற்காலியில உக்காருறாங்க. கட்டிலுக்கு வர்றதே இல்ல." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி சொன்னாள். "அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். டியூட்டி முடியட்டும்னு இருக்கேன்."

ஹார்ன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போடாமல் எழுந்தாள். கதவோரம் நின்றவளின் முழங்கையைப் பிடித்து, தரதரவென்று சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டு நின்ற எலக்ட்ரீஷியன் இருவரையும் பார்த்துக் குழாயை மூடினார்.

"ஹேண்டோவர் குடு" என்றாள் ஹார்ன்.

டியூட்டி மாறும்போது போகிறவள் வருகிறவளிடம் நோயாளியை ஒப்படைப்பதுதான் ஹேண்டோவர். அது கொடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, கொடுத்துவிட்டால் இருக்கக் கூடாது.

"என்னக்கா விளையாடறீங்க? அடுத்த டோஸுக்கு நேரமாச்சு."

"எனக்கு டோஸ் தெரியாதா? நான் என்ன கூடையில காய்கறி விக்கவா வந்தேன்? குடுடி."

"முடியாதுக்கா." சிஸ்டரின் குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான் அவ பக்கத்துல அம்மாவா உக்காந்தா என் கை நடுங்கும். கை நடுங்கினா மருந்து சிந்தும். சிந்தினா அவளுக்கு வலிக்கும். அது மட்டும் நடக்கக் கூடாதுன்னுதான் இப்படி இருக்கேன். இத விட்டா நான் எழுந்திருக்கவே மாட்டேன்."

"நடுங்கட்டும். நடுங்காத கை இங்க ரெண்டு இருக்கு. நாளைக்கு வேற ஒருத்திய அனுப்பறேன். நேரம் மாத்தி நேரம் ஆள் வரும். ஊர்ல நர்ஸுக்கா பஞ்சம்? அந்தப் பிள்ளைக்கு அம்மாவுக்குத்தான்டி பஞ்சம்."

எலக்ட்ரீஷியன் மெதுவாக, "மருந்து குடுக்க எனக்கும் சொல்லிக் குடுங்க. நானும் சும்மாதானே நிக்கறேன்" என்றார்.

சிஸ்டர் புருஷனைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பிறகு கிளவுஸைக் கழற்றினாள். ஒப்பித்தாள். பேஷண்டுக்கு எட்டு வயது. கடைசி மார்ஃபின் எப்போது, எவ்வளவு. நடுவில் வலித்தால் எவ்வளவு. மோஷன் எப்போது போனாள். இடது இடுப்பில் லேசாகச் சிவப்பு, அந்தப் பக்கம் அதிகம் படுக்கவைக்க வேண்டாம். தண்ணீர் ஸ்பூனில் போதும்.

"கூட இருக்கிற ஆள் யாரு?" என்று கேட்டாள் ஹார்ன். அதுவும் ஹேண்டோவரில் கேட்கிற கேள்விதான்.

"அம்மா" என்றாள் சிஸ்டர்.

"எங்க?"

ஹார்ன் அவள் தோளைப் பிடித்துக் குளியலறைப் பக்கம் திருப்பிவிட்டாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலையில் தண்ணீரை ஊற்றினாள். சூடா ஜில்லா என்றே தெரியவில்லை. சோப்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடி விழுந்தது. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. சரி, நடுங்கித் தொலையட்டும் என்று சோப்பை விட்டுவிட்டாள். கொடியில் தொங்கிய பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையைத் துவட்டாமல் வெளியே வந்தாள்.

முன்னறையில் ஹார்ன் அப்பாக்காரருக்குச் சிரிஞ்சில் கோடு காட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அவர்களைத் தாண்டிப் போய், தலையணைகளை ஒதுக்கி, கட்டிலில் ஏறிப் படுத்தாள். கட்டில் ஆடியது. கடுகு கண்ணைத் திறந்தாள். ஈரக் கூந்தல் அவள் கன்னத்தில் பட்டது.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"ரொம்ப லேட்டு."

"ஆமாடி. ரொம்ப லேட்டு."

கடுகால் பாய முடியவில்லை. தலையை மட்டும் நகர்த்தி அம்மாவின் தோளில் வைத்தாள். எடையே இல்லை. கழுத்துக்குக் கீழே சூடாக அவள் மூச்சு பட்டது. இத்தனை நாள் எண்ணிப் பார்த்த மூச்சுதான், பட்டது இப்போதுதான்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று கிசுகிசுத்தாள் கடுகு. "அந்த சிஸ்டர் சொன்னாங்க, நான் செத்துப் போயிடுவேனாம்."

அம்மாவின் கை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

"சொல்லும்போது அவங்க அழவே இல்லம்மா. அதனால பொய்யாத்தான் இருக்கும்னு வெச்சுக்கிட்டேன். பொய்தானே?"

எத்தனையோ பிள்ளைகளுக்குப் பதில் சொன்ன வாய் அது. திறந்தது, ஒரு சொல்லும் வரவில்லை. கண்ணில் எங்கே இருந்ததோ அத்தனையும் பொங்கிக்கொண்டு வந்து, மூக்கோரம் வழிந்து, மகளின் நெற்றியில் சொட்டியது. நிறுத்தத் தெரியவில்லை. கடுகு கையைத் தூக்கி, ஒரு விரலால் அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, அந்த விரலைப் பார்த்தாள்.

"அப்ப நிஜம்தான்" என்றாள்.

முகத்தை அம்மாவின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள்.

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்டி" என்றாள் அம்மா.