எதிர்ப்பக்கம் சாய்கிறவர்

பின் சக்கரத்துக் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. அறிவுச்செல்வன் வால்வை ஆணியால் அழுத்திக்கொண்டு, நாடி பார்க்கிறவனைப்போலக் கண்ணை மூடிக் காதைக் கொடுத்திருந்தான். நிஜமாகவே நாடி பார்க்கிறவரான ராசு வைத்தியர் குடிசைக்குள்ளிருந்து வந்து கையைக் கழுவினார். அவர் கண்ணை எல்லாம் மூடுவதில்லை. அம்சவள்ளியிடம் மட்டும் தணிந்த குரலில், "அப்பாவுக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்காதும்மா. போறதுன்னா இப்பவே கெளம்பிடுங்க" என்றார்.

அம்சவள்ளி தம்பியிடம் வந்தாள். "காத்த புடுங்கி முடிச்சியா இல்லியாடா?"

"இதெல்லாம் அவசரத்துல செய்யற வேலை இல்லக்கா. காத்து ஜாஸ்தியா இருந்தா சேத்துல வழுக்கும். கம்மியா இருந்தா கல்லுல ரிம்மு அடி வாங்கும். மூணு பேருக்கு இருவத்தி நாலு பவுண்டு." டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். மீட்டர் கிடையாது. விரல்தான் மீட்டர்.

இந்த ஞானம் அவனுக்கு எங்கே கிடைத்தது என்பது அடிவாரத்து ஊர்கள் அனைத்தும் அறிந்தது. கள்ளக்குறிச்சியில் மோட்டார் விளையாட்டுக் கழகம் என்று ஒன்று இருந்தது. ஏழு உறுப்பினர்கள், ஒன்பது பதவிகள். போன வைகாசியில் கழகம் நடத்திய மலையேற்றப் பந்தயத்தை, தலைவரான அரிசி ஆலை அதிபர் தொடங்கிவைத்து, 'பிடிமானமே வாழ்க்கை' என்று முக்கால் மணி நேரம் பேசினார். பேசி முடிப்பதற்குள், ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த அவருடைய புல்லட் தானாகவே விழுந்தது. பந்தயத்தில் ஓடியது ஐந்து வண்டி. அறிவுச்செல்வன் நாலாவதாக வந்தான். ஐந்தாமவன் நடுவழியில் பலாப்பழம் வாங்க நின்றவன். கட்டை கட்டையாக முளைத்த பட்டன் டயர் போட்டிருந்தால் மூன்றாவதாக வந்திருக்கலாம் என்று அன்றிலிருந்து கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னான். பிறகு அந்த டயரையும் போட்டுக்கொண்டான். அப்பா பூமாலை ஒருநாள் கேட்டார்: "நாலாவதா வர்றவனே இவ்ளோ பேசுனா, மொதல்ல வர்றவன் இன்னாடா பேசுவான்?"

ஆனால் இன்றைக்கு வெள்ளிமலைக்கு ஏறி வந்து சேர்ந்தது அவனுடைய யெஸ்டி பைக் ஒன்றுதான். எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்து நாலாம் நாள். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். கீழே ரோடுகளின் குறுக்கே புளியமரங்கள் வெட்டிக் கிடந்தன. பஸ் இல்லை, கார் இல்லை. ஆம்புலன்ஸ், மறியல் இல்லாத நாளிலேயே இவ்வளவு தூரம் வந்ததில்லை. கடுக்காய் மூட்டையோடு இறங்கிய ஒருவர் சொல்லிவிட, அறிவு வரப்பிலும் ஓடையிலும் வண்டியை விட்டு ஏறி வந்திருந்தான்.

குடிசைக்குள் பூமாலை கண் திறந்துதான் கிடந்தார். கண்ணும் நகமும் மஞ்சள். இருபத்திரண்டு நாளாகக் கஷாயம். முதல் நாளே வைத்தியர், "முத்திப்போச்சு. வலி தெரியாம பாத்துக்கறேன். கொணமாவும்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பூமாலை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்ன வூட்டுக்குள்ள கொண்டுபோய்ப் போடுங்க. தெருவுல போட்டுடாதீங்க."

ஏன் என்று பிள்ளைகள் இருவரும் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் செத்தாள். வெளியே பிரிந்த உயிருக்கு வாசற்படி தாண்ட உரிமையில்லை என்று பெரியப்பா பொன்னுரங்கம் குறுக்கே நின்றார். ஊரில் எந்தச் சாவுக்கும் சட்டம் சொல்கிறவர் அவர். ஐப்பசி மழையில், தெருவில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே, தான் மெழுகிய வீட்டைப் பார்த்தபடி அம்மா ராத்திரி முழுக்க நனைந்தாள். அப்பா அவள் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உயிரோடு வாசற்படி தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

"அக்கா, நீ எவ்ளோ வெயிட்டு?"

"நான் இன்னா நெல்லு மூட்டையாடா?"

"சொல்லுக்கா. பின்னாடி ஸ்பிரிங்க அதுக்குத் தகுந்த மேரி வெக்கணும்."

"நாப்பத்தஞ்சு."

"அப்பா அறுவத்தி ரெண்டு. கரும்பு வெட்டுல எடைமேடை மேல ஏறி நின்னாரே."

அம்சவள்ளி வாயைத் திறந்து மூடினாள். இந்த இருபத்திரண்டு நாளும் அப்பாவைக் கொல்லைப்பக்கம் இடுப்பில் வைத்துத் தூக்கிப் போனவள் அவள். அப்பா கேட்டுக்கொண்டு கிடக்கிறார். அவர் எதிரில் எப்படிச் சொல்வது? அறிவு ஸ்பானரை மாட்டி, இரண்டு பக்க ஸ்பிரிங்கையும் கடைசிப் பல்லுக்கு முறுக்கினான்.

அறிவு முன்னால், நடுவில் அப்பா, பின்னால் அம்சவள்ளி. இரண்டு வேட்டியால் அப்பாவைத் தம்பியோடு சேர்த்துக் கட்டினாள். அப்பா ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பா, வளைவுல வண்டி எந்தப் பக்கம் சாயுதோ நீயும் அந்தப் பக்கமே சாயணும். எதிர்ப்பக்கம் சாஞ்சா டயரு கிரிப்பு போயிடும்."

"வுழுவற பக்கமே எவனாச்சும் சாய்வானா?" என்றார் பூமாலை. குரல் காற்றாகத்தான் வந்தது.

கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே பின்சக்கரம் துள்ள ஆரம்பித்தது. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி எகிறி விழுந்தது. ஒவ்வொரு விழலுக்கும் அப்பாவிடமிருந்து ஒரு முனகல். மரவள்ளிக் கொல்லை ஓரமாக அறிவு வண்டியை நிறுத்தினான். கட்டை அவிழ்த்துத் தான் மட்டும் இறங்கி, அவர்களை இறங்கச் சொல்லாமல், குனிந்து சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்தான். மறுபடி அளந்தான்.

"அக்கா. நீ நெஜமாவே நாப்பத்தஞ்சா?"

"ஆமாண்டா."

ஸ்பிரிங் இறங்கவே இல்லை. அவன் அங்கேயே குந்தியிருந்தான். கண்ணுக்கு நேராக அப்பாவின் முழங்கால் இருந்தது. வேட்டி அதன்மேல் காயப்போட்டதுபோல் கிடந்தது. கழித்தல் கணக்கு அவனுக்குச் சுலபம். போட்டு முடித்துவிட்டான் என்பது அவன் கழுத்து அசைவிலிருந்து அம்சவள்ளிக்குத் தெரிந்தது.

"மூணு பல்லு எறக்கணும்" என்றான். ஸ்பானர் இரண்டு முறை வழுக்கியது.

"இன்னாடா ஆச்சு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. நான்தான் தப்பா வெச்சிட்டேன்."

டயரை, ரோட்டை, பெட்ரோலை, பந்தய நடுவரின் கண்பார்வையை எல்லாம் குற்றம் சொல்லியிருக்கிறான். தன்னைச் சொன்னது அதுதான் முதல்தடவை.

மறுபடி கட்டிக்கொண்டு கிளம்பியபின் வண்டி அடங்கிப் போயிற்று. கல்லின்மேல் ஏறியது தெரியாமல் இறங்கியது. சிவப்புச் சேற்றில் பட்டன் டயர் பதிந்து பதிந்து எழுந்தது.

"எப்பா, இப்ப எப்பிடி கீது?"

"தேவலாம். வைக்கோலு வண்டில குந்திக்கினு போற மேரி கீது."

அறிவுக்கு அது போதும். வாய் திறந்துகொண்டது. முன்டயரில் காற்று இரண்டு பவுண்டு கம்மி ஏன், ஈரத்தில் எந்த பிரேக்கைப் பிடிக்கக் கூடாது என்றெல்லாம் முதுகில் கட்டியிருந்த மனிதருக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி இடதுபக்கம் சாய்ந்தால் பூமாலை வலதுபக்கம் இழுத்தார். வலதில் சாய்ந்தால் இடதில். இருக்கிற கொஞ்ச எடையையும் எதிராகப் போட்டார்.

"எப்பா! சாயற பக்கம் சாயி!"

"நீ ரோட்ட பாரு. வூடு எவ்ளோ தூரம்?"

"ஒரு மணி நேரம்."

"உங்கொண்ணன் இருப்பானா வாசல்ல?"

அறிவுக்கு அண்ணன் என்று யாரும் கிடையாது. அறிவு சிரித்து, "பெரியப்பாவா? அவரு காலைலயே வந்துட்டாருப்பா" என்றான். அம்சவள்ளி சிரிக்கவில்லை.

கோமுகி அணையின் தண்ணீர் மரங்களுக்கு நடுவே முதன்முதலாகத் தெரிகிற வளைவு. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் ஒருமுறை இறுகின. பிறகு ஒவ்வொன்றாக விட்டன. வண்டி இடதுபக்கம் சாய்ந்தது. அப்பாவும் இடதுபக்கம் சாய்ந்தார். முழுசாக, வண்டியோடு ஒட்டி, துளியும் எதிர்க்காமல்.

"பாத்தியாக்கா! கத்துக்கினாரு. இப்பத்தான் கரெக்டா..."

அறிவு பேச்சைப் பாதியில் விட்டான்.

அடுத்த வளைவு வலதுபக்கம். அப்பா வலதுபக்கம் சாய்ந்தார். அதற்கடுத்தது இடது. இடதுபக்கம் சாய்ந்தார்.

அம்சவள்ளி வேட்டி முடிச்சை இழுத்து இறுக்கினாள். சொன்னால் வண்டி நிற்கும். நின்றால் அழ வேண்டிவரும். அழுதால் கேட்கிறவர்கள் இருப்பார்கள். அப்பாவின் தலை சரியாமல் இருக்கத் தன் தாடையை அவர் தோளில் ஊன்றிக்கொண்டாள். தலைமுடியில் கஷாய வாசனை அடித்தது.

"மெதுவா போ" என்றாள்.

"ம்" என்றான் அறிவு. அதற்குப் பிறகு டயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரளைக்கல் கிடந்த இடங்களில் இன்னும் மெதுவாக, சுற்றிக்கொண்டு போனான். குலுக்கல் யாருக்கு வலிக்கும் என்று அவள் கேட்கவில்லை.

கச்சிராயபாளையத்துக்கு வெளியே ரோட்டின் குறுக்கே புளியமரம். அதன் அடிமரத்தில் ஏறி நின்று மறியல் தலைவர் முனியன் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பேர் கேட்டார்கள். அதில் ஆறு பேர் தூங்கிக்கொண்டு கேட்டார்கள். வண்டியைக் கண்டதும் அவர் குரலை மேடைக்குரலாகவே வைத்துக்கொண்டு அறிவித்தார்: "எந்த வாகனத்துக்கும் அனுமதி கிடையாது! நோயாளி, சவம், ரெண்டுக்கு மட்டுந்தான் விலக்கு. இது எதுல சேத்தி?"

"நோயாளி" என்றான் அறிவு. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தம்பிக்கும் தெரிந்துவிட்டது என்பது அப்போதுதான் அம்சவள்ளிக்கு நிச்சயமாயிற்று.

முனியன் இறங்கி வந்தார். பூமாலையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். இரண்டு பேரும் ஒரே ஏரியில் மீன் பிடித்தவர்கள். நிமிர்ந்தபோது மேடைக்குரல் போயிருந்தது. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "வாங்கடா எல்லாம். வண்டியோட தூக்குங்க. ஆடாம தூக்கணும்."

தூங்கியவர்களும் எழுந்து வந்தார்கள். அம்சவள்ளி மட்டும் இறங்கிக்கொண்டாள். மகனும் அப்பாவும் கட்டியபடியே மரத்தின்மேல் உயர்ந்து, அந்தப்பக்கம் இறங்கினார்கள்.

"பெரியவரு கனமே இல்லப்பா" என்றான் ஒருவன். அவள் ஏறி உட்காரும்வரை முனியன் அப்பாவின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் பச்சை மூங்கில் நாலு கிடந்தது. கீற்றும் வந்து இறங்கியிருந்தது. பொன்னுரங்கம் எதையும் முன்கூட்டியே செய்கிறவர். வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டு, தெருச்சனத்துக்கு முன்னால் கோர்ட்டு வாசலில் நிற்பவர்போல நின்றார்.

"உசுரு இருக்குதாடா?"

"இருக்குது பெரியப்பா."

"நான் பாத்துட்டுத்தான் வாசப்படி..."

"பேசிக்கினேதான் வந்தாரு. தள்ளுங்க." அறிவு கட்டை அவிழ்த்து, அப்பாவைக் குழந்தையைப்போல இரண்டு கையிலும் ஏந்தினான். தூக்கச் சிரமமே இல்லை.

அம்சவள்ளி அப்பாவின் காதருகே குனிந்து, தெருவின் கடைசி வீடு வரை கேட்கும்படி சொன்னாள். "எப்பா! வூடு வந்துட்சிப்பா. தல பத்தரம், நெலப்படி இடிக்கப்போவுது. இன்னாது? தண்ணியா? தர்றேன், உள்ள போயி தர்றேன்."

பொன்னுரங்கம் விலகினார். வாசற்படி தாண்டியாயிற்று.

கூடத்தில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். பொன்னுரங்கம் பின்னாலேயே வந்து மண்டிபோட்டு, புறங்கையைத் தம்பியின் மூக்கருகே வைத்தார். எடுக்கவில்லை. கதவருகே பெண்கள் மூச்சடக்கி நின்றார்கள். அறிவு சுவரைப் பார்த்தான். அவன் கையெல்லாம் கிரீஸ். அம்சவள்ளி பெரியப்பாவை நேராகப் பார்த்தாள். இமைக்கவில்லை.

பெரியப்பா அவள் மணிக்கட்டைப் பார்த்தார். அதில் நாலு விரல் பிடித்திருந்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

புறங்கையை எடுத்தார். நாற்பது வருஷமாக ஊர்ச் சாவுகளில் ஓங்கி ஒலித்த குரல், பக்கத்தில் இருப்பவருக்கே எட்டாமல் வந்தது.

"போவப்போற நேரம். பாலு கொண்டாங்க."

முதலில் அவரே ஊற்றினார். பால் கடைவாய் ஓரமாக வழிந்து காதுக்குப் போயிற்று. தெருச்சனம் பார்ப்பதற்குள் அவர் முழங்கையால் மறைத்து, அந்த வெள்ளைத் துண்டாலேயே துடைத்தார்.

"எறங்குது" என்றார். "எறங்குது, எறங்குது."

அடுத்து அறிவு. "மெதுவாப்பா" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினான். டம்ளர் பல்லில் பட்டுச் சத்தம் வந்தது.

கடைசியில் அம்சவள்ளி. அப்பாவின் வாய் ஏற்கெனவே நிறைந்திருந்தது. உதடுகளுக்கு நடுவே பால் வெள்ளையாக, அசையாமல் நின்றது. அவள் டம்ளரை உதட்டில் வைத்தாள். ஒரு சொட்டும் விழாதபடிக்குப் பார்த்துச் சாய்த்தாள்.