நிறுத்த முடியாத சண்டை

எங்கள் முதல் விளையாட்டில் சண்டையை நிறுத்தி வைக்கலாம். கீபோர்டின் அடியில் இருக்கும் நீளப் பொத்தானை, ஸ்பேஸ் பாரை, ஒரு தட்டு தட்டினால் போதும். ஓங்கிய வாள் ஓங்கியபடி நிற்கும். மந்திரவாதி எறிந்த தீ பாதி வழியில் தொங்கும். ஆடுகிறவர் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து, ஆற அமர யோசித்து, யாரை யார் அடிப்பது என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டுவார். அடி விழுமா விழாதா என்பதைக் கணினி உள்ளுக்குள் உருட்டும் பகடை முடிவு செய்யும். கை வேகத்துக்கு அங்கே வேலையே கிடையாது. இந்தச் சண்டையை அமைத்தவர் லெஷெக்.

இரண்டாம் பாகத்தில் நிறுத்தவும் முடியாது, பகடையும் இல்லை. எதிரி ஓங்கும்போது நீங்களேதான் தடுக்க வேண்டும், நீங்களேதான் விலக வேண்டும். பிந்தினால் செத்தீர்கள். அப்படித்தான் வேண்டும் என்று சொன்னவர் எங்கள் கம்பெனியின் தலைவர் கிராட்சியான்.

"ஜனங்க யோசிக்கிறதுக்கு ஆபீஸ் இருக்குய்யா. வீட்டுக்கு வந்தா அடிக்கணும். ஓங்கி அடிக்கணும்," என்றார்.

லெஷெக் இரண்டு வாரம் வாதாடினார். பிறகு, "சரி, அடிக்கிறதையே ஒழுங்காச் செய்வோம்," என்று உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். சண்டைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். நான் அவருக்குக் கீழே எண்களைச் சரி பார்ப்பவள்: எந்த எதிரிக்கு எவ்வளவு உயிர், எந்த அடிக்கு எவ்வளவு வலி, தடுக்க எவ்வளவு நேரம். பெயர் எவெலினா. குட்னோவிலிருந்து வூச் நகருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எங்கள் அலுவலகம் பழைய பஞ்சாலை ஒன்றின் நாலாவது மாடியில் இருந்தது.

அங்கே ஒரு விதி உண்டு. முதல் விளையாட்டில் ஒரு சதுப்புநிலச் சூனியக்காரியை யாராலும் கொல்ல முடியாமல் போய், ஆடியவர்கள் ஒரு மாதம் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். அப்போது லெஷெக் தன் கையால் ஒரு தாளில் எழுதிச் சமையலறை ஃபிரிட்ஜின் மேல் ஒட்டினார். ஒன்று: எந்தப் பெரிய எதிரியையும் அவனைச் செய்தவர் முதலில் ஜெயிக்க வேண்டும். இரண்டு: வெள்ளிக்கிழமை மூன்று மணி, சமையலறைத் திரை, எல்லார் முன்னிலையிலும். மூன்று: முப்பது முயற்சி. நான்கு: தோற்றால், அவனை ஜெயிக்கிறவருக்கு அவன் சொந்தம்.

அந்த விளையாட்டில் அதன்பின் சேர்த்த எதிரிகள் யாரிடமும் லெஷெக் இந்த விதியில் தோற்றதில்லை. இடது கையில் கசகசா ரொட்டியைப் பிடித்துக் கடித்துக்கொண்டு, தட்டுவார், யோசிப்பார், தட்டுவார். நாற்பது நிமிடத்தில் எதிரி கீழே கிடப்பான்.

அவருடைய வலது கை நடுங்கும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. முதலில் கையெழுத்தில் மட்டும் தெரிந்தது. பிறகு கோப்பையில் தெரிந்தது. காலையில் ஒரு மாத்திரை போடுவார்; முக்கியமான நாளில் இரண்டு.

இரண்டாம் பாகத்தின் கடைசி எதிரி ஒரு கிழ ஹெட்மான், படைத்தலைவன். லெஷெக்கின் படைப்பு. கல்லறையிலிருந்து எழுந்து வந்து, தன் பழைய வீரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சண்டை போடுவான். நல்ல படைப்பு. ஆனால் அவன் எப்போது அடிப்பான் என்று யாருக்கும் தெரியவில்லை. பகடை போன பிறகு எங்களுக்கு வந்த புதுத் தலைவலி இதுதான்: ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். ஓநாய் காதை மடக்கும், பூதம் மூச்சிழுக்கும். ஹெட்மானுக்குத் தற்காலிகமாக ஒரு சிவப்பு மின்னல் வைத்திருந்தோம். சோதித்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு கூட்டம். லெஷெக் காபிக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினார். விரல்கள் ஆடின. மேசையைச் சுற்றி இருந்த ஆறு பேரும், பேச்சை நிறுத்தாமலே, தங்கள் தாள்களை ஓரமாக இழுத்துக்கொண்டார்கள். யாரும் அதைத் தெரிந்து செய்யவில்லை. அப்போதுதான் எனக்குத் தோன்றியது: இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு என்ன இருக்கிறது? அடுத்த கூட்டத்தில் என் ஃபோனை மேசையில் சாய்த்து வைத்துப் பதினான்கு நொடி படம் பிடித்தேன். அதை அசைவு போடுகிறவரிடம் கொடுத்து, பாதி உயிர் போனதும் ஹெட்மான் இரும்புக் கையுறையைக் கழற்றி எறிய வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் அந்த வெறும் கை இப்படி ஆட வேண்டும் என்று சொன்னேன். விளையாட்டில் அது ஏறியது, லெஷெக் எல்லார் முன்னிலையிலும் ஹெட்மானை ஜெயிக்க வேண்டிய வெள்ளிக்கிழமைச் சோதனையன்று காலையில்.

சோதனைக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, லெஷெக் என் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார்.

"ஹெட்மானைத் தடுக்க எவ்ளோ நேரம் வெச்சிருக்க?"

"பத்து ஃபிரேம்." ஒரு நொடியை அறுபதாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு ஃபிரேம்.

"வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இருபது வெச்சுக் குடு. அப்புறம் பத்தே இருக்கட்டும்."

"அது விதிக்குள்ள வருமா?"

"வராது," என்றார். "எனக்கு நாப்பத்தொம்பது வயசு, எவெலினா. இந்த வேலையத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. இவனை இழந்தேன்னா கிராட்சியான் என்னை ஒரு மூலையில உக்கார வெச்சிருவான். நான் கேக்குறதுக்கு வெக்கமாத்தான் இருக்கு. கேக்குறேன்."

"சரி, வெச்சுத் தரேன்," என்றேன். அவர் எதிரிலேயே பத்தை அழித்து இருபது என்று அடித்தேன். அவர் இடது கையால் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை கிராட்சியான் லிஃப்டில் என்னுடன் இறங்கினார். "நாளைக்கு நம்ம பெருசு தோத்தா ஹெட்மானை யாரு எடுத்துப்பா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "கடைசி எதிரி யாருதோ, சண்டைப் பிரிவும் அவங்களுதுதான். முதல் ஆட்டத்துலயும் அப்படித்தானே?" என்று சொல்லிவிட்டு, கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு இருபதை அழித்துவிட்டு மறுபடி பத்து என்று அடித்தேன்.

மூன்று மணிக்குச் சமையலறையில் முப்பது பேருக்கு மேல். ஜன்னல் திட்டில்கூட ஆட்கள். லெஷெக் நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். கசகசா ரொட்டி வாங்கி வைத்திருந்தார். அதைத் தொட நேரமே கிடைக்கவில்லை.

முதல் முயற்சி பதினொரு நொடியில் முடிந்தது. இரண்டாவது ஒன்பது. ஐந்தாவது முயற்சியில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன்.

"பெருசு, மவுஸைப் பிடிங்க, தாலாட்டாதீங்க," என்றான் மிலோஷ், சோதனைப் பிரிவில் இருப்பவன்.

"வாய மூடுடா. அவர் பகடை விழுறதுக்குக் காத்திருக்காரு," என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு.

பத்துக்குப் பிறகு சிரிப்பு கூடியது. இருபதுக்குப் பிறகு குறைந்தது. சிலர் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தார்கள். கிராட்சியான் ஒவ்வொரு சாவுக்கும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கோடு போட்டார். லெஷெக்கின் கழுத்து நனைந்திருந்தது. ஆனால் அவர் கற்றுக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கினார். தன் கை பிந்தும் அளவைக் கணக்கிட்டு, முன்கூட்டியே அழுத்தத் தொடங்கியிருந்தார். அதை அந்தக் கூட்டத்தில் கவனித்தவள் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இருபத்தேழாவது முயற்சியில் ஹெட்மானின் பாதி உயிர் போனது.

"அட! ஏறிட்டாருய்யா!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் திரையின் பக்கம் நெருங்கினார்கள். ஹெட்மான் பின்வாங்கி நின்று, இரும்புக் கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்தான். வெறும் வலது கையை உயர்த்தினான். கை நடுங்கியது. முதலில் சுண்டு விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு எதையோ பிடிக்கப் போய்ப் பிடி கிடைக்காததுபோல ஒரு சின்ன இழுப்பு.

எல்லாரும் திரையில் இருந்த கையைப் பார்த்தார்கள். பிறகு மவுஸின் மேல் இருந்த கையைப் பார்த்தார்கள்.

லெஷெக்கும் பார்த்தார். அடி இறங்கப் பத்து ஃபிரேம் இருந்தது. அவருடைய இடது கட்டைவிரல் தானாகப் போய் ஸ்பேஸ் பாரைத் தட்டியது. பதினோரு வருடம் அந்தப் பொத்தான் அவருக்காகச் சண்டையை நிறுத்தியிருக்கிறது. இரண்டாம் பாகத்தில் அது குதிக்கும் பொத்தான். அவருடைய வீரன் நின்ற இடத்திலேயே செங்குத்தாக மேலே குதித்து, இறங்கும் வாளில் போய் விழுந்தான்.

"குதிச்சுட்டாரு!" என்றான் மிலோஷ். "பெருசு பயத்துல குதிச்சுட்டாருடா!"

சிரிப்பு வெடித்தது. அதுவரை சங்கடத்தில் இருந்தவர்களும், எதற்காவது சிரித்தால் தேவலை என்று காத்திருந்ததுபோலச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்னும் மூன்று முயற்சி மிச்சம் இருந்தது. விட்டுவிடலாமே என்று கிராட்சியான் சொன்னார். "தாள்ல முப்பதுன்னு போட்டிருக்கு," என்றார் லெஷெக். மூன்றையும் ஆடினார். மூன்றும் சேர்ந்து அரை நிமிடம்.

"யாரு அடுத்து?" என்று கேட்டார் கிராட்சியான். நான் போய் உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது. முதல் பாதியை மெதுவாகக் கடந்தேன். கையுறை கழன்ற பிறகு கையை மட்டும் பார்த்தேன். சுண்டு விரல் ஆடியதும் அழுத்தினால் தப்பாது. முதல் முயற்சியிலேயே ஹெட்மான் விழுந்தான்.

லெஷெக் மாடிப்படியில் எனக்காகக் காத்திருந்தார்.

"எத்தனை வெச்சிருந்த?"

"பத்து."

"ம். அது போகட்டும். நான் கேட்டதே தப்பு." படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஹெட்மானை நீயே வெச்சுக்கோ. பிரிவையும் நீயே பாத்துக்கோ. என் பேரே வேணாம். அந்தக் கையை மட்டும் எடுத்துரு. மூச்சு வாங்குற மாதிரி வை, இருமுற மாதிரி வை, எதையாவது வை. என் அம்மாவுக்கும் இதே கைதான். ஊரு பூரா இதைப் பாத்துட்டு அடிக்கக் கத்துக்கும், எவெலினா."

"பாத்துச் சொல்றேன்," என்றேன்.

பார்க்கத்தான் செய்தேன். ஆடத் தெரிந்த எண்பது பேரை வரவழைத்து இரண்டாகப் பிரித்தேன். நடுக்கம் இல்லாத ஹெட்மானிடம் ஒருவர் சராசரி நாற்பத்தொரு முறை செத்தார். நாற்பது பேரில் பதினொரு பேர் எழுந்து போய்விட்டார்கள். நடுங்கும் ஹெட்மானிடம் சராசரி பதின்மூன்று முறை. எழுந்து போனவர் இரண்டே பேர். இதை ஓர் அட்டவணையாகப் போட்டு, ஆதலால் கையை எடுப்பதற்கில்லை, வருந்துகிறேன் என்று லெஷெக்குக்கு மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஜூன் மாதம் அவர் வேலையை விட்டார். விருந்து வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள், தேதி ஒத்துவரவில்லை.

நவம்பரில் விளையாட்டு வெளிவந்தது. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் சண்டை அமைப்பு என்ற இடத்தில் என் பெயர். லெஷெக்கின் பெயர் சிறப்பு நன்றியில், எங்களுக்கு ரொட்டி தந்த கடைக்கும் அலுவலகப் பூனைக்கும் நடுவில். விமர்சனம் எழுதிய எல்லாருமே அந்தக் கையைப் பாராட்டினார்கள். இவ்வளவு உயிருள்ள எதிரியைப் பார்த்ததில்லை என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு அந்தக் கை அச்சடித்த டி-ஷர்ட் போட்டோம். ஒரே வாரத்தில் தீர்ந்தது.

பிப்ரவரியில், நோன்புக்கு முந்தைய கொழுப்பு வியாழன் அன்று, போன்ச்கி என்னும் ஜாம் வைத்த பணியாரம் வாங்கப் பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் நின்றேன். வரிசை தெருமுனை வரை இருந்தது. அரை மணி கழித்துக் கடைக்குள் நுழைந்த பிறகுதான், எனக்கு ஐந்தாறு பேருக்கு முன்னால் லெஷெக் நிற்பது தெரிந்தது. இளைத்திருந்தார். கடைக்காரி பெட்டியைக் கட்டி நீட்டினாள். அவர் வலது கையை நீட்டினார். விரல்கள் ஆடின: முதலில் சுண்டு விரல், பிறகு மணிக்கட்டு.

அவருக்குப் பின்னால் சைக்கிள் ஹெல்மெட்டோடு நின்றவன், முப்பது வயதிருக்கும், சட்டென்று ஒரு பக்கம் விலகி, இல்லாத வாளால் இல்லாத அடியைத் தடுத்தான். அவனோடு வந்திருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தப்பிச்சேன்டி! பத்து ஃபிரேம்!" என்றான். பிறகு லெஷெக்கிடம், "கோச்சுக்காதீங்க சார். கை தானாப் போயிருச்சு. அந்த ஆட்டத்துல ஒரு கிழவன் வருவான், தெரியுமா? அப்படியே நீங்கதான்," என்றான்.

லெஷெக் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெளியே போகும் வழியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"அந்தக் கையைத் தூரத்துல இருந்தே படிக்க முடியுது," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. சோதனையில் தேறிய வேலையைப் பற்றிப் பேசும் பழைய குரல்தான். "அடையாளம்னா அப்படித்தான் இருக்கணும்."

கதவைத் திறக்க அவருக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. யாரும் உதவிக்குப் போகவில்லை. ஹெல்மெட்காரன் இன்னும் சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், நானும்தான். வரிசை நகர்ந்தது. என் முறை வந்ததும் ரோஜா ஜாம் வைத்ததில் ஆறு கேட்டேன்.